பரீட்சை முடியட்டும்

ஜனவரி 8

இந்த நோட்டை யார் எடுத்தாலும் தயவு செய்து இத்தோடு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மூட மனசு வராவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். கனி அத்தையிடம் காட்டவே காட்டாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இன்றைக்கு நான் அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். வாய் திறந்து யாரிடமும் சொல்லக்கூடாது. சொல்லாமல் வைத்திருந்தால் படிப்பது எதுவும் மண்டையில் ஏறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் மதிவதனி. பத்தாம் வகுப்பு. சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனையில் ‘மதிவதனி அழகு நிலையம்’ என்று ரோஸ் கலரில் போர்டு இருக்கும். அது என் பெயர்தான். நடத்துவது அம்மா, பேச்சியம்மாள். முன்னறை பார்லர், பின்னறை வீடு. அப்பா சவுதியில் டிரைவர். மாடியில் அப்பாவின் தங்கை கனி அத்தை குடியிருக்கிறாள். அம்மா தூங்கின பிறகு பார்லருக்குள் வந்து, கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் வைத்து எழுதுகிறேன்.

கடையை மூடிய பிறகு அம்மா இதே நாற்காலியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

“பின்னால எனக்குக் கை எட்டல. நீ ப்ளீச்சப் போட்டு விடு.”

ஆயுத பூஜை சமயத்தில் பின்கழுத்தில் செயின் உரசினது போல ஒரு கோடுதான் இருந்தது. இப்போது இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை கறுத்துக் கிடக்கிறது. கறுப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. தொட்டால் வெல்வெட் துணி போலத் தடிப்பாக, வரிவரியாக இருக்கிறது. நடுநடுவே மரு. எண்ணினேன், பதினொன்று. அக்குளில் இன்னும் அதிகம் என்றாள். மருவோடு வருகிறவர்களுக்கு அம்மா செய்வது போலவே, புருவம் எடுக்கிற நூலால் ஒவ்வொன்றையும் இறுக்கிக் கட்டினேன். நாலைந்து நாளில் காய்ந்து விழுந்துவிடும்.

“வலிக்குதாம்மா?”

“நூலு இறுகுததுதான் தெரியுது. பேசாமக் கட்டு.”

கட்டி, ப்ளீச்சும் போட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பினாள். “பார்லர்காரி கழுத்தே இப்படிக் கெடந்தா எவ வந்து எங்கிட்ட மொகத்தக் குடுப்பா? தொத்து வியாதின்னுருவாளுக. தை மாசம் பூரா கல்யாணம். அப்பாட்ட சொல்லப்படாது, அத்தைட்ட சொல்லப்படாது. ஒன் கூட்டாளி எவகிட்டயும் மூச்சு விடப்படாது.”

“சரி.”

“சரி கிரியெல்லாம் வேண்டாம். எந்தலைல கை வையி.”

வைத்தேன். சத்தியத்தை மீறினால் யார் தலையில் வைத்தோமோ அவர்களுக்குத்தான் ஏதாவது ஆகும். அதை அம்மா சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஜனவரி 9

ப்ளீச் கழுத்தைப் புண்ணாக்கிவிட்டது. அம்மா காலர் வைத்த பிளவுஸ் போட்டிருந்தாள். கணக்குத் திருப்புதல் தேர்வில் 71. தாளில் கையெழுத்துப் போடும்போது அம்மா என்னைத் திட்டவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

காலையில் அப்பா வீடியோவில் வந்தார். அதற்கு முன்னால் அம்மா கழுத்துக்கு இரண்டு தடவை ஃபவுண்டேஷன் போட்டாள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு போடமாட்டாள்.

“என்ன பேச்சி, இப்படி மெலிஞ்சுட்ட? சினிமால சேரப் போறியா?” என்றார் அப்பா.

“டயட்டு.”

“நான் வாரதுக்குள்ள காத்துல பறந்துராத.”

பின்னால் நின்ற கனி அத்தை எட்டிப் பார்த்து, “எனக்கும் அந்த டயட்டச் சொல்லிக் குடுங்க மதினி. நான் பச்சத்தண்ணி குடிச்சாலும் ஊதுதேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

அம்மா இரண்டு வாய்ப் பொங்கல் சாப்பிட்டாள். மிச்சத்தை என் தட்டில் தள்ளினாள். நெஞ்சில் நிற்கிறது என்று ரோஸ் கலர் ஜெலுசிலைக் குடித்தாள். அடுப்பு மேடையில் காலி பாட்டில் மூன்று இருக்கிறது. நான்தான் கழுவி எண்ணெய் ஊற்ற எடுத்து வைத்திருக்கிறேன்.

கட்டிய மருவெல்லாம் விழுந்துவிட்டது. பக்கத்தில் புதிதாகப் பத்தொன்பது.

ஜனவரி 21

அம்மாவும் நானும் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்தோம். தோல் வியாதிக்கு எங்கெங்கிருந்தோ வந்து வாங்கிப் போகிறார்கள், நாங்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு இத்தனை நாள் வாங்கவில்லை என்று அம்மா சொன்னாள். குழைத்துக் கழுத்தில் பூசினேன். உள்ளங்கையிலும் பூசச் சொன்னாள்.

உள்ளங்கையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ரேகையெல்லாம் பள்ளமாகி, ரேகைக்கும் ரேகைக்கும் நடுவே சதை மெத்தென்று தடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடல் கழுவும்போது உள்பக்கம் ஒரு மடிப்பு தெரியுமே, அது போல. அம்மாவின் கையைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டேனே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மண் காய்ந்ததும் கழுவினேன். இப்போது குளுமையாக இருக்கிறது என்றாள். இன்று நன்றாகத் தூங்குகிறாள்.

ஜனவரி 27

எஸ்தர் சிஸ்டர் புருவம் எடுக்க வந்தார். பக்கத்துத் தெருவில் இருக்கிறார். இங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதம் ஒரு தடவை வருவார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கையில் நூல் ஓடவில்லை. சிக்கிச் சிக்கி அறுந்தது. மூன்றாவது தடவை அறுந்ததும் சிஸ்டர் கண்ணைத் திறந்தார்.

“என்னக்கா, இன்னிக்குப் புருவத்தோட போவனா, புருவம் இல்லாமப் போவனா?”

“நூலு சரியில்ல சிஸ்டர். புதுக் கட்டை.”

“கையக் காட்டுங்க.”

அம்மா காட்டவில்லை. சிஸ்டரே பிடித்து விரித்தார். விளக்குக்குக் கீழே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அம்மாவின் காலரைக் கொஞ்சம் விலக்கினார். சிரிப்பு போய்விட்டது.

“எத்தன மாசமா இருக்கு?”

“சோப்புத்தண்ணி ஒத்துக்கல. துண்டு தொவைக்கேன்லா.”

“சோறு எறங்குதாக்கா?”

“கழுத்தப் பாத்துட்டு சோத்தக் கேக்கிய.”

“எறங்குதா, எறங்கலையா? எத்தன கிலோ கொறஞ்சிருக்கீங்க?”

அம்மா புது நூல் எடுத்தாள். சிஸ்டர் எழுந்துவிட்டார். ஒரு புருவம் எடுத்தும் ஒன்று எடுக்காமலும் இருந்தது. “தோல் டாக்டர்ட்ட போயி நாள வீணாக்காதீங்க. வயித்து டாக்டரப் பாருங்க. திருநெல்வேலிக்குப் போங்க. நாளைக்கே போங்க” என்றார்.

“நல்லா இருக்கு. தலவலின்னா கால்ல தைலம் தேய்க்கச் சொல்லுவிய போல.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு அம்மா என்னிடம், “இனிமே அந்தப் பொம்பள வந்தா கடை இல்லன்னு சொல்லிரு” என்றாள்.

ஜனவரி 30

அம்மா சாமான் வாங்கத் திருநெல்வேலி போனாள். நாளைக்குக் கல்யாண மேக்கப் இருக்கிறது. அப்படி இருக்கும்போது அவள் ஒருநாளும் கடையை அடைத்ததில்லை. பெரிய பை கொண்டுபோய், ஒரு வேக்ஸ் டப்பாவோடு திரும்பி வந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பஸ் கம்பி கிழித்துவிட்டது என்றாள்.

பிப்ரவரி 6

மறுபடியும் திருநெல்வேலி. கனி அத்தையும் கூடப் போனாள், அவளுக்குச் சேலை எடுக்க வேண்டுமாம். சேலை எடுக்கவில்லை. அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, எச்சில் விழுங்கினாலும் வலிக்கிறதாம். பஸ் காற்று. எனக்குப் புது ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்திருந்தாள். பழையதே நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 14

பீரோவுக்கு மேல் ப்ளீச் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளைக் கவர் இருக்கிறது. தூசி தட்டும்போது பார்த்தேன். கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர் என்று அம்மா சொன்னாள். காலண்டர் என்றால் சுவரில் மாட்ட வேண்டியதுதானே என்று நான் கேட்கவில்லை.

ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். கேஸ் எப்படிப் பதிவது, ரேஷன் கார்டு எந்தப் பையில் இருக்கிறது, என் காதுகுத்துக் கம்மல் எங்கே இருக்கிறது என்றெல்லாம் காட்டினாள். பத்தாவது முடிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம். உயிரியலில் ஏழு மார்க் கேள்வி இரண்டு படித்தேன்.

பிப்ரவரி 17

கல்யாணப் பெண்ணுக்கு ஃபேஷியல். பெண் நல்ல பேச்சுக்காரி. “யக்கா, ஒங்க கை மசாஜ் பண்ணுதா, மரம் இழைக்குதா? நாளைக்கு மாப்பிள்ள தாலி கட்டும்போது எனக்கு மொகமே இருக்காது போல” என்றாள். அம்மாகூடச் சிரித்தாள். ஆனால் கூட வந்த சித்தி சிரிக்கவில்லை. அம்மாவின் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, தொட்ட தன் கையைச் சேலையில் துடைத்தாள்.

“இது தொத்துமா?”

“தொத்தாது.”

“டாக்டரு சொன்னாரா, நீங்களாச் சொல்லுதியளா?”

பாதி ஃபேஷியலில் முகத்தைத் துடைத்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அந்தக் கிண்ணத்தில் இருந்த க்ரீமை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்தபடியே நின்றாள்.

சாயந்திரம் காலேஜ் அக்கா ஒருத்தி புருவம் எடுக்க வந்தாள். அம்மா என் கையில் நூலைக் கொடுத்தாள். “பல்லுல கடி. வலது கைய விரி. பைய, பைய. தோல இழுத்துப் பிடிக்கச் சொல்லு.” அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எடுத்தேன். அந்த அக்கா கண்ணாடியைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். அம்மா, “எம்பிள்ள” என்றாள்.

பிப்ரவரி 18 முதல் 28 வரை

எழுதவில்லை. பள்ளி, ட்யூஷன், துண்டு துவைப்பது, புருவம் எடுப்பது, கழுத்துக்கு மருந்து. எலுமிச்சம்பழம், தயிர், கடலைமாவு, உருளைக்கிழங்குச் சாறு. எல்லாம் போட்டாகிவிட்டது. கழுத்து அப்படியேதான் இருக்கிறது. உதட்டு ஓரத்திலும் ஆரம்பித்திருக்கிறது. மருவை எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 2

பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் யாரும் பார்க்காதபோது ‘கழுத்து கறுப்பு’ என்று அடித்தேன். எலுமிச்சம்பழம், தயிர், கடலைமாவு, உருளைக்கிழங்கு. ஏழே நாளில் பளபளப்பு. சிரிப்பு வந்தது. பிறகு எஸ்தர் சிஸ்டர் கேட்டதையெல்லாம் சேர்த்து அடித்தேன். கழுத்து, உள்ளங்கை, சோறு இறங்கவில்லை, மெலிவு.

ஒரு பக்கம் வந்தது. நான்கு வரி படித்தேன். ஐந்தாவது வரியில் அந்த வார்த்தை இருந்தது. மணி அடித்தது. மூடிவிட்டேன். அந்த வார்த்தையை இங்கே எழுதமாட்டேன்.

மார்ச் 3

சொன்னால் சத்தியம் பலிக்கும். சொல்லாவிட்டால் அந்த ஐந்தாவது வரி. கணக்கில் எந்த வழியில் போட்டாலும் வரக்கூடாத விடையே வந்தால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம் என்று சார் சொல்வார். எங்கே என்று தெரியவில்லை.

மார்ச் 9

இன்று மொட்டைமாடியில் துண்டு எடுக்கப் போனேன். அத்தை வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அம்மாவும் அத்தையும் உள்ளே இருந்தார்கள். அத்தை அழுதுகொண்டு பேசினாள்.

“தொண்டைல கொழா விட்டுப் பாத்த அன்னைக்கே டாக்டரு வந்து படுக்கச் சொன்னாருல்லா மதினி. ஒரு மாசம் ஆச்சு.”

“பரீட்ச முடியட்டும்.”

“ஏப்ரல் எட்டு வரைக்கும் எப்படி?”

“ஆறு மாசமா சோறு எறங்காமத்தானே இருக்கேன். இன்னும் முப்பது நாளுல என்ன கொறஞ்சு போவுது. அவளுக்குத் தெரிஞ்சா எழுதுவாளா? அழுதுக்கிட்டுக் கெடப்பா. பப்ளிக் பரீட்ச கனி. மூச்சு விட்டுராத. ஒங்க அண்ணன்ட்டயும்.”

“நான் என்னத்தச் சொல்ல. சத்தியம் வாங்கிட்டீங்கள்ல.”

அத்தையிடமும் வாங்கியிருக்கிறாள்.

துண்டுகளை எடுக்காமலே கீழே வந்துவிட்டேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அந்த வெள்ளைக் கவரில் இருப்பது ஸ்கேன் படம் என்றும் இப்போது எனக்குத் தெரியும். ஆனால் இதைப் பற்றி அம்மாவின் மேல் கோபம்கூடப் பட முடியாது, ஏனென்றால் எங்கள் வீட்டில் இது புதிதில்லை. அத்தையின் மகன் சிவா அண்ணன் பன்னிரண்டாவது எழுதும்போது அவனுடைய பெரியப்பா ராஜபாளையத்தில் இறந்துபோனார். அவர்தான் அவனைத் தூக்கி வளர்த்தவர். சிவா அண்ணனை ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கவைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் போய் எரித்துவிட்டு வந்தார்கள். இயற்பியல் நன்றாக எழுதினேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அவனுடைய அப்பா மொட்டை போட்டிருப்பதைப் பார்த்துத்தான் கேட்டான். இன்றைக்கும் அதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளைக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம் என்று. சிவா அண்ணன் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான்.

இப்போது எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். என் பரீட்சைக்காக அம்மா படுக்காமல் நிற்கிறாள். என்னால்தான்.

மார்ச் 12

அம்மாவிடமே கேட்பது சத்தியத்தை மீறியதாகாது என்று தோன்றியது. ஒருத்திக்கு மருதாணி போட்டு அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போ.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு ஒனக்குத் தெரியும்.”

குழாயை மூடினாள். என்னைப் பார்க்கவில்லை. “கனி சொன்னாளா?”

“யாரும் சொல்லல. நான் துண்டு எடுக்க வந்தேன்.”

கையைத் துண்டில் துடைத்தாள். பிறகு, “தெரிஞ்சதும் நல்லதுதான். இப்ப ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாய மூடிக்கிட்டு இருப்போம். நீ நானூத்தம்பது எடு. மறுநாளே நான் போயிப் படுத்துக்கிடுதேன்” என்றாள்.

“இப்பப் போனா என்ன?”

“இப்பப் போனா ஒனக்கு யாரு பொங்கிப் போடுவா? ஆஸ்பத்திரி வராந்தால ஒக்காந்தா படிப்ப? நான் எட்டாவதோட நின்னவ. எதுக்கு நின்னேன் தெரியுமா? எங்கம்மாவுக்குப் பிரசவம் பாக்க. போயிப் படி.”

போய்ப் படித்தேன். எதைப் படித்தேன் என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 16

மீறிவிட்டேன்.

ட்யூஷனுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எஸ்தர் சிஸ்டர் ஊசி போடுகிற அறையில் இருந்தார். வரிசை முடிகிற வரை நின்றேன். என்னைப் பார்த்ததும், “பார்லர் அக்கா மகளா? கடை இல்லன்னு ரெண்டு தடவ தொரத்துன பிள்ளைல்லா நீ” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சத்தியத்தைப் பற்றித்தான் சொன்னேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

“இங்க பாரு பாப்பா. கழுத்துலயும் கைலயும் இருக்குது வியாதி இல்ல. வியாதி உள்ள, வயித்துல இருக்கு. தோலு அதச் சொல்லுது, அவ்வளவுதான். கழுத்து கறுத்த எல்லாருக்கும் இப்படின்னு பயந்துராத. சுகர் இருந்தாலும் கறுக்கும், குண்டா இருந்தாலும் கறுக்கும். மெலிஞ்சுக்கிட்டே வாரவங்களுக்கு, நாலு மாசத்துல, உள்ளங்கை வரைக்கும் வந்தா அது வேற.”

“ப்ளீச் போட்டேன் சிஸ்டர். நான்தான் போட்டேன்.”

“அதுனால ஒண்ணும் கூடல, கொறையல.”

“ஏப்ரல் எட்டாம் தேதி போனா போதாதா?”

கதவைப் பார்த்தார். “ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். ஆபரேஷன் செய்ய முடியுறது முடியாமலும் போகலாம். நான் ஒங்கிட்டப் பொய் சொல்லமாட்டேன். இன்னிக்குப் போனா நாளைக்கு விட நல்லது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

நம்பரை எழுதிக் கொடுத்தார். அம்மா சரி என்றால் எந்த நேரமானாலும் ஆட்டோவோடு வருகிறேன், திருநெல்வேலியில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நானே கூடப் போய்ப் படுக்க வைக்கிறேன் என்றார். “ஆனா இழுத்துட்டுப் போக முடியாது. அவங்க சரின்னு சொல்லணும்.”

மார்ச் 16, மறுபடியும்

தூங்கவில்லை. சத்தியம் மீறின முதல் ராத்திரி இது. அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மூச்சு வருகிறது. இப்போது பதினொன்றே கால்.

பன்னிரண்டு. வருகிறது.

ஒன்று இருபது. விரல் பட்டு விழித்துவிட்டாள். “என்னட்டி?” என்றாள். கொசு என்றேன். “கொசுவ என் மூக்குலயா தேடுத? படு” என்றாள்.

மூன்று. வருகிறது.

மார்ச் 17

காலையில் அம்மா எழுந்து காபி போட்டாள். அவள் காபி போட்டதைப் பார்த்து நான் அழுததற்கு என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல், வயிற்றுவலி என்றேன். உடனே வெந்தயம் கொடுத்தாள்.

மார்ச் 21

நுழைவுச்சீட்டு வந்துவிட்டது. அம்மா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமம் வைக்கப் போய், புகைப்படத்தில் பட்டுவிடும் என்று ஓரத்தில் வைத்தாள். மாவு கரைத்த தண்ணீர்தான் இப்போது அவளுக்குச் சாப்பாடு. அதிலும் பாதி திரும்பி வந்துவிடுகிறது. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. பேனா வாங்கிவிட்டாயா, பேனா வாங்கிவிட்டாயா என்று நாலு தடவை கேட்டாள்.

மார்ச் 25

நாளைக்குத் தமிழ்ப் பரீட்சை. நான் பார்லருக்குள் இருக்கிறேன். வீட்டுப் பக்கத்துக் கதவில் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். தெருப் பக்கத்து ஷட்டரும் உள்ளே பூட்டியிருக்கிறது. ஷட்டரின் இரண்டு சாவியும் நுழைவுச்சீட்டும் என்னிடம் இருக்கின்றன.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா குளியலறையில் வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். காபித்தூள் போல கறுப்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, “நீ போயித் திருக்குறள ஒரு தடவ பாத்துரு” என்றாள். அப்போதுதான் முடிவு செய்தேன். அழவில்லை. போய்ப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

கதவு வழியாகச் சொன்னேன். நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால்தான் நான் பரீட்சைக்குக் கிளம்புவேன். இல்லையென்றால் இங்கேயே இருப்பேன். ஏப்ரல் எட்டாம் தேதி வரை இருப்பேன். பரீட்சை முடிகிற வரைக்கும்தானே நீ காத்திருக்கிறாய், நான் எழுதவில்லை என்றால் காத்திருக்க ஒன்றுமில்லை.

முதலில் திட்டினாள். பிறகு கனி அத்தை வந்தாள். “வதனி, கிறுக்குப் பிடிச்சுருச்சா ஒனக்கு? அண்ணனுக்குப் போன் போடுதேன் பாரு.”

“போடுங்க. என்னன்னு சொல்லுவிய? எல்லாத்தையும் சொல்லுங்க.”

அத்தை போடவில்லை.

பதினொன்றரைக்கு அம்மா மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்குவது கேட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஒரு வருஷம் போயிரும்டி.”

“போகட்டும்.”

“ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

சேலை தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. படுத்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு சின்னக் குரலில் பேசினாள். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“வயித்தக் கிழிக்கப் போறாங்க வதனி. மயக்க மருந்து குடுத்து நான் எந்திரிக்கலைன்னா? அதான். நீ பரீட்ச எழுதிட்டு வாரதையாவது பாத்துருவோம்னு. அஞ்சு நாளும் ஒனக்குத் தலவாரி விட்டு அனுப்பிட்டு. அதுக்குப் பொறவு என்ன ஆனாலும்.”

பயமாக இருக்கிறது என்று அம்மா சொல்லலாம் என்றே எனக்குத் தெரியாது.

“நான் எஸ்தர் சிஸ்டர்ட்ட சொல்லிட்டேம்மா. ஒன்பது நாள் ஆச்சு. ஒன் தலைல வச்ச சத்தியத்த மீறிட்டேன். ஒனக்கு ஒண்ணும் ஆகல.”

அந்தப் பக்கம் வளையல் கதவில் இடித்தது.

“அதுக்குத்தான் மூக்குல கை வச்சுப் பாத்தியா?”

“ஆமா.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று கதவு வழியாகத் தெரியவில்லை.

சிஸ்டரின் நம்பர் எழுதிய தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். எடுத்தாளா என்று தெரியாது.

மார்ச் 26, விடியற்காலை

நாற்காலியிலேயே தூங்கிப்போயிருக்கிறேன். ஐந்து மணி. அம்மா கதவுக்கு அப்பால் நின்று, “சரிட்டி, போறேன். கதவத் தெற. தலைவாரணும்” என்கிறாள்.

நான் திறக்கவில்லை. அம்மா நிறையப் பொய் சொல்லியிருக்கிறாள். பஸ் கம்பி, பஸ் காற்று, காலண்டர். எனக்காகத்தான் சொன்னாள், இருந்தாலும் பொய்தானே. நான் பரீட்சை எழுதிவிட்டு வரும்போது அவள் துண்டு துவைத்துக்கொண்டிருப்பாள். “சிஸ்டர் வந்து சொல்லட்டும். அப்பத்தான் திறப்பேன்” என்றேன்.

“ஒனக்கு எம்புட்டுத் திமிரு” என்றாள். காலடிச் சத்தம் தள்ளிப் போனது.

ஐந்து இருபது. பீரோ திறக்கிற சத்தம். அட்டைப்பெட்டிகள் ஏதோ கீழே விழுந்தன.

“மதினி, போர்வ ஒண்ணு போதுமா?” இது கனி அத்தை.

“ரெண்டு வையி. அங்க ராத்திரி குளுரும்னாளுக. வதனிக்கு இட்லி ஊத்திட்டியா?”

“ஊத்திட்டேன். நீங்க ஒக்காருங்க.”

இது எனக்குக் கேட்க வேண்டும் என்று பேசுகிறார்களா, நிஜமாகவே பேசுகிறார்களா என்று தெரியவில்லை. மணி ஐந்தே முக்கால். தெருவில் பால்காரன் போகிறான். திருக்குறள் பத்தும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், வந்துவிட்டது. ஏதோ ஒரு ஆட்டோ முனையில் திரும்புகிறது. எங்கள் தெருவில் இந்த நேரத்துக்கு வண்டி வராது. நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. அது வேறு வீட்டுக்காக

தட்டுகிறார்கள். தெருப் பக்கத்து ஷட்டரை